முன்னால் எஞ்சின் இல்லாத ரயில்

எங்கள் மீஞ்சூர் வழியாக ஒரு நாளைக்கு எத்தனை ரயில் போகிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கும்மிடிப்பூண்டி லோக்கல், வடக்கே போகும் எக்ஸ்பிரஸ், அத்திப்பட்டு அனல்மின் நிலையப் பக்கம் நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகும் கூட்ஸ் என்று ஏதாவது ஒன்று போய்க்கொண்டேதான் இருக்கும். கேட் போட்டால் வண்டியை நிறுத்திவிட்டு அலுத்துக்கொள்வோம், அவ்வளவுதான். யாரும் கேமராவை எடுப்பதில்லை. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் நாலு பெட்டி ரயிலைப் பார்த்தால் மட்டும் எல்லோர் கையும் கேமராவைத் தேடுகிறது. அப்படி அதில் என்ன இருக்கிறது?

"நீராவி எஞ்சின், மலை, பனி" என்று உடனே பதில் வரும். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. அந்த ரயில் மலை ஏறும்போது எதிரே நின்று படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் எஞ்சினே இருக்காது! முதல் பெட்டியும், அதன் முன் மேடையில் கொடியோடு நிற்கும் ஒரு மனிதரும்தான் இருப்பார்கள். எஞ்சின் கடைசியில், எல்லாப் பெட்டிகளுக்கும் பின்னால் புகைவிட்டுக்கொண்டு வரும். இது ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் இந்த ரயிலின் வரலாறு முழுவதும் வந்துவிடும். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

ராயபுரத்துக்கும் முந்தைய கனவு

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நம்ம ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே பாதை திறக்கப்பட்டது. வட சென்னைக்காரர்களுக்கு இது தெரிந்த பெருமைதான். தெரியாத செய்தி ஒன்று உண்டு. நீலகிரிக்கு ரயில் விட வேண்டும் என்ற யோசனை 1854லேயே வந்துவிட்டது. அதாவது தென்னிந்தியச் சமவெளியில் ஒரு பயணிகள் ரயில்கூட ஓடாத காலத்தில் மலை மேல் ரயில் விடக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்!

அவசரத்துக்குக் காரணம் வெயில். சென்னை மாகாண அரசு கோடைக்காலத்தில் ஊட்டிக்குக் குடிபெயர்ந்துவிடும். கவர்னர், அதிகாரிகள், அவர்கள் குடும்பம், கோப்புகள் எல்லாம் மலை ஏறும். தேயிலை, காப்பித் தோட்டங்கள் வேறு வளர்ந்துகொண்டிருந்தன. 1873ல் ரயில் மேட்டுப்பாளையம் வரை வந்துவிட்டது. அதற்கு மேல் மாட்டு வண்டி, மட்டக்குதிரை, டோங்கா என்று ஏதாவது ஒன்றில்தான் போக வேண்டும்.

யோசனை 1854ல், ஆனால் வேலை ஆரம்பித்தது 1891ல். இடையில் 37 வருடம் என்ன நடந்தது? ஒரு பி.காம். மாணவனாக எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். காரணம், நடந்ததெல்லாம் கம்பெனிகளின் கதை.

1882ல் நிக்லாஸ் ரிக்கன்பாக் என்ற சுவிஸ் பொறியாளர் இதற்கு ஒரு திட்டம் கொடுத்தார். சுவிட்சர்லாந்தின் ரிகி மலையில் 1871ல் பல்சக்கர ரயில் ஓட்டிக் காட்டியவர் அவர். அந்த மலையின் பெயரையே வைத்து 'நீலகிரி ரிகி ரயில்வே கம்பெனி' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். போதிய முதல் சேராமல் அது நின்றுபோனது. பிறகு இன்னொரு கம்பெனி வந்தது. 1891ல் கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டிக் கொடுத்தார். அந்தக் கம்பெனியும் 1894ல் கலைக்கப்பட்டது. 1896ல் புதிதாக ஒரு கம்பெனி பாதையை வாங்கி, 1899 ஜூன் 15ஆம் தேதி குன்னூர் வரை ரயில் விட்டது. ஓட்டியது யார் தெரியுமா? ராயபுரத்தில் ஆரம்பித்த அதே மெட்ராஸ் ரயில்வே கம்பெனிதான். விஜயவாடாவையும் சென்னையையும் இணைத்து, எங்கள் ஊர் வழியாகக் கிழக்குக் கடற்கரை முழுக்க ரயில் போக வழி செய்த பாதை வந்ததும் அதே 1899ல்தான்.

1903ல் அரசாங்கமே நீலகிரிப் பாதையை வாங்கிக்கொண்டது. 1908 அக்டோபர் 15 அன்று ரயில் ஊட்டியைத் தொட்டது. யோசனை வந்து 54 வருடம் கழித்து! லாபம் பார்க்க வந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் அரசு எடுத்துக்கொண்ட பிறகுதான் பாதை முழுமையானது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பல் வைத்த பாதை

சாதாரண ரயில் எப்படி ஓடுகிறது? இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு உருள்கிறது. சமவெளியில் இந்தப் பிடிமானம் போதும். மலையில் போதாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,203 மீட்டரில். 46 கிலோமீட்டர் தூரத்துக்குள் 1,877 மீட்டர் ஏற வேண்டும். அதிலும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சில இடங்களில் ஏறக்குறைய 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். சக்கரம் வழுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும்.

இதற்கு விடை கண்டவர்களில் ஒருவர் ரோமன் ஆப்ட். இவரும் சுவிஸ்காரர், ரிக்கன்பாக்கிடம் வேலை பார்த்தவர். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்களைப் பதிக்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறும். ஆப்ட் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. அவர் ஒரு சட்டத்துக்குப் பதில் இரண்டை அருகருகே வைத்தார். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும். அதனால் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருந்துகொண்டே இருக்கும். ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் 1880களில் வந்த முறை இது. இந்தியாவில் பல் தண்டவாளத்தில் பயணிகள் ரயில் ஓடுவது நம் நீலகிரியில் மட்டும்தான். டார்ஜிலிங்கிலும் சிம்லாவிலும் இது கிடையாது.

எஞ்சினும் தனி ரகம். 'எக்ஸ் கிளாஸ்' என்று பெயர். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் 1914ல் தொடங்கி 1952 வரை பல தொகுதிகளாகச் செய்து அனுப்பினார்கள். இதில் நான்கு சிலிண்டர்கள் இருக்கின்றன. இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. சமதளத்தில் முதல் ஜோடி மட்டும் வேலை செய்யும். பல் பாதை வந்ததும், முதல் ஜோடியில் வேலை செய்து முடித்த நீராவியே வீணாக வெளியே போகாமல் இரண்டாவது ஜோடிக்குப் போய் பல்சக்கரத்தைச் சுற்றும். எஞ்சினின் பக்கவாட்டைக் கவனியுங்கள். மேல் ஜோடித் தண்டுகளும் கீழ் ஜோடித் தண்டுகளும் எதிரெதிர்த் திசையில் ஆடிக்கொண்டிருக்கும். போட்டோவில் இது தெரியாது, வீடியோ எடுத்தால்தான் தெரியும்.

வேகம்? பல் பாதையில் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மீஞ்சூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் நாம் எத்தனை பேரைத் திட்டுகிறோம் என்று நினைத்துப் பார்த்தேன்...

எஞ்சின் ஏன் கீழே?

சரி, முதல் கேள்விக்கு வருவோம். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில் ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, எஞ்சின் எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கிப் பிடிக்கும்.

காரணம் எளிமையானது. எஞ்சின் மேலே நின்று இழுத்தால் நடுவில் கொக்கி அறுந்த நொடியே பெட்டிகள் பள்ளத்தைப் பார்த்து ஓடிவிடும். எஞ்சின் கீழே இருந்தால் பெட்டிகள் அதன் மேல்தான் சாய்ந்து நிற்கும். அமெரிக்காவில் 1869ல் திறந்த மவுண்ட் வாஷிங்டன் பல்சக்கர ரயிலிலும், பிறகு ரிகியிலும் இதே ஏற்பாடுதான்.

ஆனால் எஞ்சினுக்கே ஏதாவது ஆகிவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ஸ்னோடன் என்ற மலை இருக்கிறது. 1896 ஏப்ரல் 6ஆம் தேதி அங்கே மலை ரயில் திறப்பு விழா. நீலகிரியில் இருக்கும் அதே ஆப்ட் முறைதான். இறங்கிக்கொண்டிருந்த எஞ்சின் பல்லின் பிடியை இழந்து, வேகமெடுத்து, சரிவில் விழுந்து நொறுங்கியது. பெட்டிகள் கூடவே போகவில்லை. அவற்றில் தனியாக இருந்த பிரேக் அவற்றை நிறுத்திவிட்டது. உயிரிழந்தவர் ஒரே ஒரு பயணி. பயத்தில் வெளியே குதித்தவர் அவர்.

ஆக, மலை ரயிலில் எஞ்சின் மட்டும் காவல் இல்லை, ஒவ்வொரு பெட்டியும் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும். நீலகிரி ரயிலில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் பிரேக்ஸ்மேன்கள். ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒருவர் நிற்பார். அவர் கையில் இரண்டு விதமான பிரேக் இருக்கிறது, ஒன்று சாதாரணச் சக்கரத்துக்கு, இன்னொன்று பல்சக்கரத்துக்கு. டிரைவர் கடைசியில் இருப்பதால் அவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. வழியில் பாறை கிடக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா, யானை நிற்கிறதா என்று பார்ப்பவர் முதல் பெட்டியில் நிற்கும் பிரேக்ஸ்மேன். அவர் காட்டும் கொடியை அடுத்தவர் பார்த்து, அவர் தன் கொடியைக் காட்டி, இப்படியே செய்தி டிரைவருக்குப் போகிறது. இந்த ரயிலுக்குக் கண் ஒரு முனையில், கால் மறு முனையில்.

கேமராவை எங்கே வைப்பது?

போன செமஸ்டர் லீவில் நானும் என் பெரியப்பா பையனும் சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிப் போனோம். அங்கே பார்த்ததை வைத்துச் சில குறிப்புகள்.

முதல் இடம், மேட்டுப்பாளையம் ஸ்டேஷன். மலை ரயில் காலை 7.10க்குக் கிளம்பும். அதற்கு முன்பே எஞ்சினைக் கொண்டுவந்து பெட்டிகளின் பின்னால் சேர்ப்பார்கள். எல்லோரும் அங்கேதான் கூடி நிற்பார்கள். நீங்கள் எதிர் முனைக்குப் போங்கள். அங்கே கூட்டம் இருக்காது. எஞ்சின் இல்லாத அந்த முதல் பெட்டிதான் இந்த ரயிலின் உண்மையான முகம்.

இரண்டாவது, கல்லாறு. பல் பாதை ஆரம்பிக்கும் இடம். இங்கே ரயில் ஏறக்குறைய நடக்கும் வேகத்துக்கு வந்துவிடும். பல்சக்கரம் பல்லைச் சரியாகக் கவ்வ வேண்டும் அல்லவா? உள்ளே உட்கார்ந்திருந்தால் அடியிலிருந்து ஒரு கடகடப்பு கேட்கும், பிறகு ரயிலின் நடையே மாறிவிடும். இதைப் படம் எடுக்க முடியாது, காதால்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஹில்குரோவ், ரன்னிமேடு போன்ற தண்ணீர் பிடிக்கும் ஸ்டேஷன்கள். எஞ்சினுக்குத் தாகம் அதிகம், நின்று நின்று குடிக்கும். பயணிகள் இறங்கி டீ குடிக்கலாம், படமும் எடுக்கலாம். அங்கே எஞ்சினைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். நாங்கள் ஒரு பிரேக்ஸ்மேனிடம், "அண்ணே, உங்களை ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "எடுத்துக்கங்க தம்பி. எல்லாரும் எஞ்சினத்தான் எடுப்பாங்க. வண்டிய ஓட்டறது எஞ்சினுங்க, நிறுத்தறது நாங்கதானுங்க" என்றார். மொத்தப் பயணத்திலும் எனக்குப் பிடித்த படம் அதுதான். பிரேக் கைப்பிடி மேல் அவர் கை. எண்ணெயும் கரியும் ஏறிய கை.

நான்காவது, இறங்கும் ரயில். எஞ்சின் முன்னால் வர, பின்னால் பெட்டிகள் வளைந்து வரும் படம் வேண்டுமானால் மாலையில் குன்னூரிலிருந்து இறங்கும் வண்டியைத்தான் எடுக்க வேண்டும். நீராவி எஞ்சின் முன்னால் வருவதுபோல ஒரு படம் பார்த்தால், "ஓ, வண்டி கீழே இறங்குகிறது" என்று நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்!

ஒரு எச்சரிக்கை. படத்துக்காகத் தண்டவாளத்தில் நடக்காதீர்கள், ஜன்னலுக்கு வெளியே தலையையும் கையையும் நீட்டாதீர்கள். 208 வளைவு, 250 பாலம், 16 குகை உள்ள பாதை இது. குகைச் சுவர் ஜன்னலுக்கு எவ்வளவு பக்கத்தில் வரும் என்பது உள்ளே போன பிறகுதான் தெரியும்.

சினிமா எடுத்த படம்

நாம் எடுப்பதற்கு முன்பே சினிமாக்காரர்கள் இந்த ரயிலை எடுத்துத் தள்ளிவிட்டார்கள். பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982) முடிவது கேத்தி ஸ்டேஷனில். கமல் அந்தப் பிளாட்பாரத்தில் படும் பாட்டைப் பார்த்து அழாதவர்கள் யார்? டேவிட் லீன் 'எ பாசேஜ் டு இந்தியா' (1984) படத்தில் மராபார் குகைகளுக்குப் போகும் ரயிலாக இதைக் காட்டினார். மணிரத்னத்தின் 'தில் சே' (1998) படத்தில் ரயில் கூரை மேல் ஆடும் பாட்டை சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு செய்ததும் இங்கேதான்.

மூன்றும் மூன்று விதம். ஒன்றில் பிரிவு, ஒன்றில் வெள்ளைக்காரர் காலத்து இந்தியா, ஒன்றில் கொண்டாட்டம். ஆனால் எதிலும் பிரேக்ஸ்மேனின் கதை இல்லை. நான் குறை சொல்லவில்லை, சினிமாவுக்கு அது தேவையில்லை. ஆனால் நம் மனதில் இந்த ரயில் 'அழகான பின்னணி' என்று பதிந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழையது எது?

2005 ஜூலையில் யுனெஸ்கோ நீலகிரி ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1999ல் அறிவிக்கப்பட்ட டார்ஜிலிங் ரயிலோடு சேர்த்து 'இந்திய மலை ரயில்கள்' என்று பெயர் வைத்தார்கள். 2008ல் கல்கா - சிம்லா பாதையும் சேர்ந்தது.

அப்படியானால் நாம் பார்ப்பது அந்தக் காலத்து ரயில்தானா? முழுக்க இல்லை. குன்னூருக்கு மேல் பல் பாதை கிடையாது, அங்கே டீசல் எஞ்சின். 2002 முதல் நீராவி எஞ்சின்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்ற ஆரம்பித்தார்கள். பிறகு திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையே புதிய எக்ஸ் கிளாஸ் எஞ்சின்களைக் கட்டிக் கொடுத்தது. ஆமாம், உலகம் நீராவியைக் கைவிட்ட பிறகு, இந்த நூற்றாண்டில், திருச்சியில் புதிதாக நீராவி எஞ்சின் செய்தார்கள். முதலில் எண்ணெயில் ஓடுபவை, பிறகு நிலக்கரியில் ஓடும் ஒன்றும்.

"அப்போ இது டூப்ளிகேட்தானே?" என்றான் என் நண்பன் ஒருவன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு வியட்நாமைப் பார்க்க வேண்டும். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் டா லாட் என்ற மலை ஊருக்கு இதேபோல ஆப்ட் பல் பாதை போட்டார்கள். எஞ்சின்களில் சில வின்டர்தூரிலிருந்தே வந்தவை. போரில் பாதை கைவிடப்பட்டது, பல் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. 1990ல் சுவிஸ் ரயில் ஆர்வலர்கள் காட்டில் துருப்பிடித்துக் கிடந்த எஞ்சின்களை வாங்கித் தங்கள் நாட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். இன்று அவை சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா மலையில் ஓடுகின்றன. எஞ்சின் பிழைத்தது, டா லாட்டின் மலை ரயில் செத்துவிட்டது.

நம் ஊரில் நடந்தது இதற்கு நேர் எதிர். எஞ்சின்கள் தேய்ந்துபோகின்றன, புதிதாகச் செய்துகொள்கிறோம். பாதை மண்சரிவில் போகிறது, திரும்பப் போடுகிறோம். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பேய்மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பாதையும் பல இடங்களில் சிதைந்தது. சரிசெய்து மறுபடி ஓட்டினார்கள். அந்தப் பல்லைக் கவ்வ வைக்கத் தெரிந்த டிரைவர், அந்தப் பிரேக்கை எந்த இடத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரிந்த பிரேக்ஸ்மேன், அந்தச் சிலிண்டரைக் கடைந்தெடுக்கத் தெரிந்த பொன்மலைத் தொழிலாளி, இவர்கள் இருக்கும் வரை எஞ்சினை மறுபடி மறுபடி செய்துகொள்ளலாம். ஆள் போய்விட்டால் எஞ்சின் வெறும் காட்சிப்பொருள்.

வரவு செலவு

இந்த ரயில் நஷ்டத்தில் ஓடுகிறது. டிக்கெட் வருமானம் பராமரிப்புச் செலவுக்குப் போதாது. ஒவ்வொரு முறை மண்சரிவு வந்து பாதை மூடும்போதும் "எதற்கு இந்த வீண் செலவு? பஸ்ஸில் போனால் போதாதா?" என்று யாராவது கேட்பார்கள். என் வகுப்பிலேயே கேட்டார்கள்.

வணிகவியலில் முதல் வருடமே ஒன்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பணத்தில் அளக்க முடிந்தது மட்டும்தான் கணக்குப் புத்தகத்தில் ஏறும். தொழிலாளியின் திறமை சொத்துப் பட்டியலில் வராது. அவருக்குக் கொடுக்கும் சம்பளம் மட்டும் செலவுப் பக்கத்தில் வரும். ஆக, நீலகிரி ரயிலின் மிகப் பெரிய சொத்து அதன் கணக்கில் வெறும் செலவாகத்தான் தெரிகிறது! ஆரம்பத்தில் வந்த கம்பெனிகள் ஏன் விழுந்தன, அரசு எடுத்த பிறகு ஏன் முடிந்தது என்பதற்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. சில காரியங்களை அடுத்த வருட லாபத்தை வைத்துச் செய்ய முடியாது. அரசு கோடைக்கு மலை ஏறுவதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இருந்தும் ரயில் ஓடுகிறது, உள்ளே சாதாரண ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

போட்டோவும் ஒருவகைக் கணக்குப் புத்தகம்தான். எதைச் சட்டத்துக்குள் வைக்கிறோமோ அது நிற்கும், விட்டது மறந்துபோகும். இத்தனை வருடமாக நாம் எஞ்சினை மட்டுமே வரவு வைத்திருக்கிறோம். அடுத்த முறை மேட்டுப்பாளையம் போனால் எஞ்சினை இரண்டு படம் எடுங்கள். பிறகு பிளாட்பாரத்தின் மறு முனைக்கு நடந்து போய், கொடியோடு நிற்கும் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவரையும் ஒரு படம் எடுங்கள்.